இடம் இப்போது, வகுப்பு பிறகு

போன இதழில், அமெரிக்காவின் சில பெரிய பிசினஸ் ஸ்கூல்கள் கல்லூரிக் கடைசி வருஷத்திலேயே எம்.பி.ஏ. இடத்தைக் கொடுத்துவிட்டு, "சில வருஷம் வேலை பார்த்துவிட்டு வா" என்று அனுப்பிவைக்கும் "டெஃபர்டு எம்.பி.ஏ." பற்றி ஒரு பத்தியின் ஓரத்தில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு தாராவியிலிருந்து டோம்பிவிலி வரை கடிதங்கள் வந்துவிட்டன. முப்பது வருஷம் முதலீட்டுத் துறையில் இருந்தவள் என்பதால் இந்த முறை என் பக்கம் முழுவதையும் இதற்கே கொடுக்கிறேன். முதல் கடிதத்துக்குத்தான் நீளமான பதில். அதைப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

கேள்வி: அக்கா, எங்கள் வீடு தாராவி தொண்ணூறடி ரோடு பக்கம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மாட்டுங்காவில் பி.காம். கடைசி வருஷம் படிக்கிறேன். வீட்டில் இட்லி வியாபாரம். அப்பாவும் மாமாவும் ராத்திரியே மாவாட்டி வைத்து, விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவார்கள். ஆறரைக்குள் பன்னிரண்டு பேர் எடுத்துக்கொண்டு விற்கக் கிளம்பிவிடுவார்கள். பதினோராம் வகுப்பிலிருந்து கணக்கு நோட்டு என் கையில்தான். பங்கு ஆய்வு வேலைக்குப் போய், பிறகு ஒரு ஃபண்டில் பணம் நிர்வகிக்க வேண்டும் என்பது என் ஆசை. சீனியர் ஒருத்தி டெஃபர்டு எம்.பி.ஏ. என்று சொன்னாள். அப்பா, "இப்ப சீட்டு தாரானாம், மூணு வருசம் கழிச்சு வான்னு சொல்லுதானாம், எவனோ ஏமாத்துதான். பேசாம சி.ஏ. படி" என்கிறார். இது நிஜமா? என்னைப் போன்ற வீட்டுப் பிள்ளைக்கு அதில் இடம் உண்டா? செலவுக்கு என்ன செய்வது?
(தாராவி வாசகி)

பதில்: நிஜம்தான் அம்மா. அப்பாவின் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் எம்.பி.ஏ. என்றால் கேட் பரீட்சை எழுதி, டிகிரி முடித்த கையோடு ஐ.ஐ.எம்.மில் சேர்வது. வேலை அனுபவமே இல்லாத பிள்ளைகள் ஏராளமாகச் சேர்கிறார்கள். அமெரிக்காவில் பழக்கம் வேறு. நாலைந்து வருஷம் வேலை பார்த்தவர்கள்தான் அங்கே எம்.பி.ஏ. வகுப்பில் உட்காருவார்கள். அதில் கல்லூரிகளுக்கு ஒரு கவலை இருந்தது. கெட்டிக்காரப் பிள்ளைகள் வேலைக்குப் போனால் அந்த ஓட்டத்திலேயே போய்விடுகிறார்கள், திரும்பிப் படிக்க வருவதில்லை. அதனால் பிள்ளை கல்லூரியில் இருக்கும்போதே கூப்பிட்டு இடத்தை எழுதிக்கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். ஹார்வர்ட் 2007-ல் இதை "2+2" என்ற பெயரில் அறிவித்தது. இரண்டு வருஷம் வேலை, இரண்டு வருஷம் படிப்பு என்று கணக்கு. இப்போது இரண்டிலிருந்து நான்கு வருஷம் வரை வேலை பார்க்கலாம். ஸ்டான்ஃபோர்ட், வார்ட்டன், கொலம்பியா, சிகாகோ பூத், எம்.ஐ.டி. ஸ்லோன் எல்லாவற்றிலும் இதே மாதிரி ஏற்பாடு உண்டு. கொலம்பியாவும் பூத்தும் ஐந்து வருஷம் வரை பொறுத்திருக்கும். யேல் மட்டும் கொஞ்சம் விசித்திரம். முதல் வருஷ வகுப்பை டிகிரி முடிந்ததுமே நடத்திவிட்டு, நடுவில் வேலைக்கு அனுப்பி, மறுபடி கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

பெரும்பாலான இடங்களில் விண்ணப்பம் ஏப்ரலில் முடிகிறது. உனக்கு அது செமஸ்டர் பரீட்சை நேரம். அதனால் சேர்க்கைக்கான பரீட்சைகளான ஜிமேட், ஜி.ஆர்.இ. இரண்டில் ஒன்றை டிசம்பருக்குள் எழுதி முடித்துவிடு. ஜிமேட் இப்போது சின்னதாகிவிட்டது. மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 45 நிமிஷம், மதிப்பெண் 205-லிருந்து 805 வரை. அந்த மதிப்பெண் ஐந்து வருஷம் செல்லும். மூன்று வருஷ பி.காம். போதுமா என்பதை ஒவ்வொரு கல்லூரியின் சொந்தப் பக்கத்திலும் பார். ஏற்றுக்கொள்ளும் கல்லூரிகள் இருக்கின்றன. இந்த வருஷம் தவறிவிட்டால், வேலைக்குப் போகாமல் நேராக எம்.காம். சேர்ந்தவர்களையும் பல இடங்களில் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை மனதில் வை.

உன்னைப் போன்றவர்களுக்கு இடம் உண்டா என்று கேட்டிருக்கிறாய். ஹார்வர்ட் 2+2 யாருக்கு முன்னுரிமை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. தொழிற்சாலை, தொழில்நுட்பம் மாதிரி நேரடியாகப் பொருள் செய்யும் நிறுவனங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள், சொந்தத் தொழில் தொடங்குகிறவர்கள், அப்புறம் வசதி குறைந்த வீட்டிலிருந்து, குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். முதலீட்டு வங்கிக்கும் ஃபண்டுக்கும் போகப்போகிறேன் என்று சொல்கிற பிள்ளைகள் அந்த வாசலில் ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆகவே உன் ஆசை அங்கே உனக்குச் சாதகமில்லை, உன் வீடுதான் சாதகம். இதைப் படித்து உனக்கு வருத்தம் வரலாம். வேண்டாம். வீட்டை அனுதாபத்துக்காக எழுதாதே. "ஏழைப் பெண், விடிகாலை எழுந்தேன், கஷ்டப்பட்டேன்" என்று எழுதினால் உன்னிடம் இருக்கும் மிகப் பெரிய சொத்தை வீணாக்கிவிடுவாய்.

அந்தச் சொத்து உன் கணக்கு நோட்டு. உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது. எனக்கு அதை எடுத்துப் புரட்ட வேண்டும் போலிருந்தது. அரிசி விலையும் உளுந்து விலையும் ஏறிய மாதங்களில் இட்லி விலையை அப்பா ஏற்றினாரா? ஏற்றவில்லை என்றால் யாருக்குப் பயந்து? பன்னிரண்டு விற்பனைக்காரர்களில் அன்றன்றைக்குக் காசு கொடுப்பவர் எத்தனை பேர், வாரக் கடைசி வரை கடன் சொல்பவர் எத்தனை பேர்? மளிகைக் கடைக்காரர் அப்பாவுக்கு எத்தனை நாள் தவணை கொடுக்கிறார்? மழையில் ரயில் நின்று இட்லி விற்காமல் திரும்பி வந்த நாளில் அந்த நஷ்டத்தை அப்பா தாங்கினாரா, விற்பனைக்காரர் தாங்கினாரா? நாரிமன் பாயிண்டில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து நாங்கள் ஒரு கம்பெனியைப் பற்றிக் கேட்டதெல்லாம் இவைதான். விலையை ஏற்றும் சக்தி இருக்கிறதா, பணம் எத்தனை நாள் வெளியே மாட்டிக்கொண்டிருக்கிறது, நஷ்டம் யார் தலையில் விழுகிறது. நீ பதினாறு வயதிலிருந்து இதைப் பார்த்து வருகிறாய். நான் இருபத்தைந்து வயதில்தான் கற்றுக்கொண்டேன்.

இன்னொன்றும் செய். பெங்களூரில் 2005-ல் தொடங்கிய ஐடி ஃப்ரெஷ் ஃபுட் இதே இட்லி மாவைப் பாக்கெட்டில் போட்டு விற்கும் கம்பெனி. அஸிம் ப்ரேம்ஜியின் முதலீட்டு நிறுவனம் அதில் பணம் போட்டது. உன் அப்பாவும் அதே அரிசியைத்தான் வாங்குகிறார், அதே உளுந்தைத்தான் ஊறவைக்கிறார். ஏன் அங்கே முதலீடு போனது, இங்கே ஏன் வரவில்லை? பிராண்டா, குளிர்சாதனப் பெட்டியா, கடைகளுக்குக் கொண்டு சேர்க்கும் வண்டியா? இதற்கு உன் சொந்தப் பதிலை இரண்டு பக்கம் எழுது. முதலில் தமிழிலேயே எழுது. அப்போதுதான் இரவல் சொற்கள் உள்ளே வராது. பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோ. உன் விண்ணப்பக் கட்டுரை அதிலிருந்து பிறக்கும். அது உனக்கு வேலை நேர்காணலிலும் உதவும்.

எந்தக் கல்லூரி என்று பார்க்கும்போது பெயரைவிட யார் பாடம் நடத்துகிறார்கள் என்று பார். வாரன் பஃபெட் பத்தொன்பது வயதில் ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தார், வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். பெஞ்சமின் கிரஹாமும் டேவிட் டாட்டும் கொலம்பியாவில் பாடம் நடத்துகிறார்கள் என்று தெரிந்து அங்கே போய்ச் சேர்ந்தார். 1951-ல் படித்து முடித்தார். அந்த மரபில், மதிப்பைவிட மலிவாகக் கிடைக்கும் பங்கைத் தேடி வாங்கும் "மதிப்பு முதலீட்டு"க்கென்றே கொலம்பியாவில் இன்றும் தனிப் பாடத்திட்டம் இருக்கிறது. சந்தை விலையை யாரும் தொடர்ந்து வெல்ல முடியாது என்ற கட்சிக்காரர்கள் சிகாகோவில். அந்தக் கட்சியின் தலைமகன் யூஜின் ஃபாமாவுக்கு 2013-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பணம் நிர்வகிக்க ஆசைப்படும் பெண்ணுக்கு இந்த இரண்டும் ஹார்வர்டைவிடக் கூடுதலாகப் பொருந்தும் என்று நான் நினைக்கிறேன். மூன்றுக்கும் போடு. அதற்கு மேல் போடாதே, கட்டுரைகள் நீர்த்துப்போகும்.

சிபாரிசுக் கடிதத்துக்குப் பெரிய மனிதர்களைத் தேடி அலையாதே. காஸ்ட் அக்கவுண்டிங் நடத்தும் ஆசிரியருக்கு உன்னைத் தெரியும் என்றால் அவரே போதும். விடுமுறையில் ஏதாவது ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்திருந்தால் அந்த ஆடிட்டர் இன்னொருவர். "இந்தப் பெண் ஒரு பில்லில் இருந்த தவறைக் கண்டுபிடித்தாள்" என்று எழுதக்கூடியவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி செலவு. இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டு. இப்போது ஆகும் செலவு ஜிமேட்டுக்கு இருபதாயிரம் ரூபாய்க்கு மேல், அப்புறம் விண்ணப்பக் கட்டணம். ஹார்வர்டில் வழக்கமான விண்ணப்பத்துக்கு 250 டாலர், 2+2-க்கு 100 டாலர்தான். அதையும் கட்ட முடியாதவர்கள் சலுகை கேட்கலாம். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இடம் கிடைத்த பிறகு அதைப் பிடித்துவைக்கச் சில கல்லூரிகள் முன்பணம் வாங்கும். பணம் எதுவாக இருந்தாலும் கல்லூரியின் சொந்த இணையதளத்தில்தான் கட்ட வேண்டும். நடுவில் ஒரு ஆள் வந்து "என் கணக்கில் போடு, சீட் வாங்கித் தருகிறேன்" என்று சொன்னால், அப்பா சொன்ன ஏமாற்றுக்காரன் அவன்தான்.

சேரும்போது ஆகும் செலவைக் கேட்டால் தலை சுற்றும். ஹார்வர்டில் டியூஷன் மட்டும் வருஷத்துக்கு 75,000 டாலருக்கு மேல். சாப்பாடு, வாடகை, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்தால் இரண்டு வருஷத்துக்கு இரண்டு கோடி ரூபாயைத் தாண்டும். ஆனால் ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் உதவித்தொகையை மார்க்கைப் பார்த்துக் கொடுப்பதில்லை, தேவையைப் பார்த்துக் கொடுக்கின்றன. மிகவும் தேவை உள்ள மாணவர்களுக்கு முழு டியூஷனையும் தாங்களே ஏற்பதாக ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் 2022-ல் அறிவித்தது. வெளிநாட்டு மாணவர்களும் உதவி கேட்கலாம். உன் சம்பாத்தியத்தையும் சேமிப்பையும் அப்போது பார்ப்பார்கள். மிச்சத்துக்குக் கடன்தான். அந்த முடிவை எடுக்க உனக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. அன்றைக்கு வேண்டாம் என்று தோன்றினால் போகாமல் இருந்துவிடலாம், முன்பணம் மட்டும் போகும். ரயிலில் ரிசர்வேஷன் செய்துவைப்பது போல என்று அப்பாவிடம் சொல்லிப் பார்.

சி.ஏ. யோசனையையும் தள்ளிவிடாதே. மும்பையில் ஃபண்ட் நடத்துகிறவர்களில் சி.ஏ. படித்தவர்கள் நிறைய. இடம் கிடைக்காவிட்டால் அந்த வழியாகப் போய், வேலை அனுபவத்தோடு மறுபடி விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்த வருஷமே ஒரு காரியம் செய்: பங்குச்சந்தைக் கல்விக்கான தேசிய நிறுவனமான நிஸ்ம் நடத்தும் ரிசர்ச் அனலிஸ்ட் பரீட்சையை எழுதிவிடு. பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் 2014 விதிகளின்படி ஆய்வு மேசையில் உட்கார அந்தச் சான்றிதழ் வேண்டும். ஜிமேட் கட்டணத்தோடு பார்த்தால் அது சில்லறை.

நோட்டுக் கட்டுரையை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு. பத்திரிகை முகவரிக்கே போடு, நான் படித்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மதிப்பிற்குரிய மேடம், என் மகன் பொவாயில் பொறியியல் முடிக்கிறான். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் டெஃபர்டு எம்.பி.ஏ. இடம் கிடைத்துவிட்டது. இப்போது வேலையில்தான் வீட்டில் சண்டை. பி.கே.சி.யில் ஒரு பன்னாட்டு முதலீட்டு வங்கி நல்ல சம்பளம் தருகிறது. அவனோ நாலே பேர் வேலை செய்யும் ஒரு சின்ன ஃபண்டுக்குப் பாதிச் சம்பளத்தில் போகிறேன் என்கிறான். இன்னொரு பயம், மூன்று வருஷம் கழித்து அந்தக் கல்லூரி பேச்சு மாறினால்? நான் வங்கியில் ஓய்வு பெற்றவன், எழுத்தில் இல்லாததை நம்ப மாட்டேன்.
(முலுண்ட் வாசகர்)

பதில்: முதலில் பயத்தைப் பேசுவோம். அது எனக்கு நன்றாகத் தெரிந்த பயம்.

நான் 1994-ல் ஃபோர்ட்டில் ஒரு தரகர் அலுவலகத்தில் சேர்ந்தேன். பங்குப் பத்திரங்கள் அப்போது காகிதம். கையெழுத்து பொருந்தவில்லை என்று திரும்பி வரும் "பேட் டெலிவரி" கட்டுகளைப் பிரித்து அடுக்குவதுதான் என் முதல் வேலை. 1996-ல் பங்குகளை மின்னணுக் கணக்கில் வைக்கும் டீமேட் வந்து அந்தக் காகிதத்துக்கு முடிவு கட்டத் தொடங்கியது. நான் ஆய்வு மேசைக்கு மாறினேன். 2001-ல், 28 வயதில், ஒரு வெளிநாட்டுக் கல்லூரியில் எம்.பி.ஏ. இடம் கிடைத்தது. கிளம்ப இரண்டு மாதம் இருக்கும்போது அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. ஒரே ஒரு வருஷம் தள்ளிவையுங்கள் என்று கெஞ்சி ஃபேக்ஸ் அனுப்பினேன். "எங்கள் விதியில் இடமில்லை, மறுபடி விண்ணப்பியுங்கள்" என்று இரண்டு வரிப் பதில். மறுபடி விண்ணப்பிக்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை. அந்த அட்மிஷன் கடிதம் இன்னும் பீரோவில் இருக்கிறது. அம்மா அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தார்கள், அதில் எனக்குக் குறையில்லை. கடிதத்தைப் பார்க்கும்போது மட்டும் நெஞ்சு கனக்கும்.

உங்கள் மகன் வைத்திருப்பது அந்த மாதிரிக் கடிதம் இல்லை. தள்ளிவைப்பதுதான் அந்த இடத்தின் முதல் நிபந்தனையே, அதை அவர்களே எழுத்தில் கொடுத்திருப்பார்கள். கடிதத்தை வாங்கி நீங்களே வரிவரியாகப் படியுங்கள், கடன் பத்திரம் படித்த கண் உங்களுக்கு. நிபந்தனைகள் இருக்கும். டிகிரியை முடிக்க வேண்டும். முழுநேர வேலையில் இருக்க வேண்டும். கல்லூரி கேட்கும்போது என்ன வேலை என்று தெரிவிக்க வேண்டும். விண்ணப்பத்தில் சொன்னதெல்லாம் சரிபார்ப்பில் உண்மையாக இருக்க வேண்டும். பேச்சு மாறுவது பெரும்பாலும் பிள்ளைகள் பக்கம்தான் நடக்கிறது. கடைசி செமஸ்டரில் அலட்சியமாக இருந்து பாடத்தைக் கோட்டைவிடுவார்கள். மகனிடம் அதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

இப்போது வேலை. நான் சின்ன ஃபண்ட் பக்கம். காரணம் சொல்கிறேன்.

22 வயதுப் பிள்ளைகள் பெரிய வங்கிப் பெயரைத் தேடுவது எதற்கு? நாளைக்கு நல்ல பிசினஸ் ஸ்கூல் கதவு திறக்க வேண்டும் என்பதற்காகத்தான் பாதிப் பேர் தேடுகிறார்கள். உங்கள் மகனுக்கு அந்தக் கதவு ஏற்கெனவே திறந்துவிட்டது. இனி அந்தப் பெயருக்காக இரண்டு வருஷம் ராத்திரி இரண்டு மணிவரை வாடிக்கையாளருக்கான ஸ்லைடுகளில் கட்டமும் நிறமும் சரிசெய்துகொண்டிருக்க வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை. டெஃபர்டு இடம் கொடுக்கும் உண்மையான லாபம் இதுதான். மற்றவர்கள் பயந்து ஒதுக்கும் வேலையை அவன் தைரியமாக எடுக்கலாம். இடத்தை வாங்கிக்கொண்டும் அதே பழைய வரிசையில் போய் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

வங்கியின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, மறைக்க மாட்டேன். பொறியியல் படித்த பையன், பேலன்ஸ் ஷீட்டைக் கையில் எடுத்ததே இல்லை என்றால், வங்கியில் அடித்துப் பழக்குவார்கள். ஒரு எண் தவறினால் ராத்திரியே கூப்பிட்டுத் திருத்தச் சொல்வார்கள். நாலு பேர் ஃபண்டில் அந்தப் பயிற்சியைத் தர யாருக்கும் நேரம் இருக்காது. ஆகவே அவன் அந்த நாலு பேரில் யார் பக்கத்தில் உட்காரப்போகிறான் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்து பார்க்கட்டும். அவன் பெயரில் அவனே ஆய்வுக் குறிப்பு எழுதுவானா, கம்பெனி நிர்வாகத்தைச் சந்திக்கும் கூட்டத்துக்கு அவனை அழைத்துப்போவார்களா, சென்ற வருஷம் அவர்கள் பணம் இழந்த ஒரு முதலீட்டைப் பற்றி மனம்விட்டுப் பேசுவார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அந்த இடம் வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது, அந்த ஃபண்ட் செபியில் பதிவானதா என்று செபி இணையதளத்தில் பார்ப்பது. பலரிடம் பெரிய தொகைகளைத் திரட்டி நடத்தும் மாற்று முதலீட்டு நிதி என்றால் 2012 விதிகளின்படி மூன்று பிரிவுகளில் ஒன்றில் பதிவெண் இருக்கும். முதலீட்டாளர் பொதுவாக குறைந்தது ஒரு கோடி போட வேண்டும். ஒவ்வொருவர் பணத்தையும் தனித்தனியே நிர்வகிக்கும் போர்ட்ஃபோலியோ மேனேஜ்மெண்ட் என்றால் குறைந்தது 50 லட்சம். பதிவெண் இல்லாமல் "நண்பர்கள் பணம்தான், பதிவு பிறகு" என்று சொன்னால், சம்பளம் இரண்டு மடங்கு தந்தாலும் அனுப்பாதீர்கள். பின்னால் கல்லூரியில் சரிபார்க்கும்போதும் அது கறை.

பாதிச் சம்பளம் என்பதால் சேமிப்பு குறையும் என்று யோசிப்பீர்கள். அதையும் அமெரிக்கச் சம்பளக் கனவையும் சேர்த்துப் பார்க்காதீர்கள். படிப்பு முடிந்ததும் மாணவர் விசாவில் ஒரு வருஷம் வேலை பார்க்கலாம், பாடப்பிரிவு ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணித வகையில் வந்தால் இன்னும் இரண்டு வருஷம். அதற்கு மேல் எச்-1பி என்ற வேலை விசா, அது குலுக்கலில் விழ வேண்டும். கல்விக் கடனை மும்பைச் சம்பளத்தில் திருப்பிக் கட்ட முடியுமா என்று கணக்குப் போடுங்கள். முடியும் என்று வந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். வீட்டை அடமானம் வைக்காதீர்கள்.

கேள்வி: மாமி, என் பெண்ணுக்கு இந்த விண்ணப்பக் கட்டுரைகளை எழுதித் தர ஒரு கன்சல்டன்ட் மூன்று லட்சம் கேட்கிறார். "உங்கள் பெண் பேசினாலே போதும், கதையை நாங்கள் உண்டாக்குவோம்" என்கிறார். கொடுக்கலாமா?
(செம்பூர் வாசகி)

பதில்: கொடுக்காதீர்கள். கட்டுரை தன் சொந்த எழுத்து என்று உங்கள் பெண் கையெழுத்திட்டு உறுதி சொல்ல வேண்டியிருக்கும். நேர்காணலில் எதிரே உட்காருகிறவர் விண்ணப்பத்தை வரிவரியாகப் படித்துவிட்டு வருவார். உண்டாக்கிய கதையில் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறுவாள். கதை பொய் என்று பிறகு தெரிந்தால் கொடுத்த இடத்தையும் பிடுங்கிவிடுவார்கள். இங்கே நடுவில் பல வருஷம் இருப்பதால் தெரிந்துபோக அவகாசமும் அதிகம். இலக்கணப் பிழை பார்க்க, "இந்த இடம் புரியவில்லை" என்று சொல்ல ஒருவர் வேண்டும்தான். கல்லூரி ஆங்கில ஆசிரியர் போதும். உங்கள் கண்ணுக்கும் ஒரு முறை காட்டச் சொல்லுங்கள். "இது என் பெண்ணே இல்லை" என்று ஏதாவது வரியில் உங்களுக்குத் தோன்றினால் அந்த வரியை அவள் எடுத்துவிடட்டும்.

கேள்வி: முதலீட்டு ஆய்வுக்கான சி.எஃப்.ஏ. படிப்பதா, டெஃபர்டு எம்.பி.ஏ.வுக்கு முயல்வதா? இரண்டுக்கும் நேரமில்லை. டோம்பிவிலியிலிருந்து சர்ச்கேட் போய்வருவதிலேயே நாளுக்கு மூன்று மணி நேரம் போகிறது.
(டோம்பிவிலி வாசகர், பி.எம்.எஸ். இரண்டாம் வருஷம்)

பதில்: இரண்டாம் வருஷம்தானே, அவசரமில்லை. டிகிரி முடிய 23 மாதம் இருக்கும்போதே சி.எஃப்.ஏ. முதல் நிலையை எழுத விடுகிறார்கள். மூன்று நிலைகளும் முடித்து, 4,000 மணி நேர வேலை அனுபவமும் சேர்ந்தால்தான் பட்டம். ஒரு கம்பெனியைப் பிரித்துப் பார்க்கும் கருவிகளை அது கொடுக்கும், செலவும் எம்.பி.ஏ.வில் ஒரு சிறு துளி. நான் பின்னால் அதைத்தான் முடித்தேன், என் சோறு அதில்தான் வந்தது. எம்.பி.ஏ. கொடுப்பது ஆட்களை. வகுப்பில் உடன் உட்காரும் தொண்ணூறு பேர் நாளை எங்கெங்கோ பணம் நிர்வகிப்பார்கள். எனக்கு அது கிடைக்கவில்லை, அதன் இல்லாமை நாற்பது வயதுக்கு மேல் தெரிந்தது.

உங்களுக்கு நான் சொல்வது: இந்த வருஷம் முதல் நிலைக்குப் படியுங்கள். அடுத்த வருஷம் ஏப்ரல் விண்ணப்பத்தில் அதுவும் ஒரு சான்றாக நிற்கும், ஜிமேட்டின் கணக்குப் பகுதிக்கும் மூளை சூடாக இருக்கும். காலை லோக்கலில் உட்கார இடம் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். மாலை திரும்பும் வண்டியில் கிடைத்தால் வாரத்துக்கு ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை ஃபோனில் படியுங்கள். சேர்மனின் கடிதத்தை விட்டுவிட்டுப் பின்பக்கக் குறிப்புகளிலிருந்து தொடங்குங்கள். யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள், எந்த வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: எனக்கு வயது 24. தாணேயில் இரண்டு வருஷமாக ஒரு ரேட்டிங் நிறுவனத்தில் வேலை. நான் டெஃபர்டுக்கு விண்ணப்பிக்கலாமா? தாமதமாகிவிட்டதா?
(தாணே வாசகி)

பதில்: டெஃபர்டு வாசல் உங்களுக்கு மூடிவிட்டது, அது படிக்கிறவர்களுக்கு மட்டும். வழக்கமான வாசலுக்கு நீங்கள் சீக்கிரமாகவே வந்திருக்கிறீர்கள். அங்கே சேர்கிறவர்கள் 27, 28 வயதுக்காரர்கள். கடன் தரம் பார்க்கும் வேலையில் இருப்பவர்களுக்குக் கம்பெனி எப்படி விழும் என்று தெரியும். பங்கு பார்க்கிறவர்கள் பலருக்கு அது தெரியாது. இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருங்கள். நீங்கள் தரத்தைக் குறைக்கச் சொல்லி வாதாடிய ஒரு கம்பெனியைப் பற்றி, ரகசியம் உடையாத அளவுக்கு, இப்போதே எழுதிவைக்கத் தொடங்குங்கள். முதல் சுற்று விண்ணப்பம் பெரும்பாலும் செப்டம்பர் முதல் வாரத்தில் முடியும். அந்த வருஷக் கணபதி விடுமுறையை நம்பி எழுத்தைத் தள்ளிப்போடாதீர்கள், வீட்டில் விருந்தாளிகள் வந்துவிடுவார்கள்.